பிஎச் குறைத்தால் டயாட்டம் வளர்ச்சி குறைகிறது: அமிலம் இரும்பைக் கரைக்க வேண்டாமா?

உப்புக்காற்று (கேள்வி)

வணக்கம். கடல் அமிலமாதலும் இரும்புப் பற்றாக்குறையும் சேர்ந்தால் தாவர மிதவையுயிரிகள் எப்படி வளரும் என்று பார்க்கும் ஆய்வக வளர்ப்பு இது. எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக முடிவு வருகிறது. வேதியியல் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

இனம் தலாசியோசைரா வைஸ்ஃப்ளாகி என்ற டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் பாசி). ஊடகம் அக்வில் (உலோக அளவைக் கட்டுப்படுத்தும் செயற்கைக் கடல்நீர்), ஈடிடிஏ (உலோகத்தைப் பிடித்து வைக்கும் சேர்மம்) 100 மைக்ரோமோலார், மொத்த இரும்பு 50 நானோமோலார். வெப்பநிலை 20 டிகிரி, இரவு பகல் இல்லாத தொடர் வெளிச்சம். ஒரு வரிசைக் குப்பிகள் பிஎச் 8.1, இன்னொரு வரிசை 7.8. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிஎச் இறக்கியது; அளவு கண்ணாடி மின்முனையில் பார்த்தது.

7.8 வரிசையில் வளர்ச்சி வேகம் தெளிவாகக் குறைவு. எஃப்வி/எஃப்எம் மதிப்பும் (ஒளிச்சேர்க்கைத் திறனைக் காட்டும் ஒளிர்வு அளவு) இறங்கியிருக்கிறது. அதே இனத்தை எஃப்/2 என்ற சத்து மிகுந்த வழக்கமான ஊடகத்தில் வளர்த்தால் இரண்டு பிஎச்-க்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அமிலம் கூடினால் இரும்பு அதிகம் கரைய வேண்டும். கரைந்த கார்பன் டைஆக்சைடும் கூடுகிறது. இரண்டுமே செல்லுக்குச் சாதகம்தானே? பிறகு ஏன் இந்த இறக்கம்? அமிலமே செல்லைத் தாக்குகிறது என்றால் எஃப்/2-இலும் தெரிந்திருக்க வேண்டாமா? கடலிலும் இப்படித்தான் நடக்குமா?

கனிமக்கணக்கு

அமிலம் இரும்பைக் கரைக்கும் என்பது பிஎச் 2, 3-இல் நடக்கிற விஷயம். கடல்நீரின் பிஎச்-இல் ஃபெரிக் இரும்பின் (ஆக்சிஜனேற்றமடைந்த, மூன்று மின்னூட்ட வடிவம்) கரைதிறன் ஏறத்தாழ அடிமட்டத்தில் தட்டையாகக் கிடக்கிறது. 8.1-இலிருந்து 7.4 வரை இறங்கினாலும் சுமார் 40%தான் கூடும். அதிலும் உங்கள் குப்பியில் கரைதிறன் பிரச்சினையே இல்லை. 50 நானோமோலாரும் ஈடிடிஏ-வின் பிடியில் கரைந்துதான் இருக்கிறது. பிடியிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் கேள்வி.

டயாட்டம் ஈடிடிஏ பிடித்த இரும்பை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியே இருக்கும் கனிம இரும்பைத்தான் எடுக்கிறது. துறையில் இதை எஃப்இ பிரைம் என்பார்கள். மொத்தத்தில் இது 1%-க்கும் குறைவு. இரும்பு தட்டுப்பாடாக இருக்கும்போது உள்ளெடுக்கும் வேகம் இந்தச் சிறு பங்குக்கு நேர்விகிதத்தில் போகும்.

இந்த எஃப்இ பிரைம் என்பது வெறும் இரும்பு அயனி அல்ல, ஹைட்ராக்சைடு சேர்ந்த இரும்பு. ஆக ஒரு பக்கம் ஈடிடிஏ, மறுபக்கம் ஹைட்ராக்சைடு, நடுவில் இரும்புக்கு இழுபறி. பிஎச் இறங்கினால் ஹைட்ராக்சைடின் கை தளர்கிறது. ஈடிடிஏ-வின் கையும் அதே அளவு தளர்ந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் கடல்நீரில் ஈடிடிஏ-வில் பெரும்பகுதி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கால்சியம் சுமார் 10 மில்லிமோலார் இருக்கிறதே. பிஎச் 8.1 ஆனாலும் 7.8 ஆனாலும் அந்த நிலை மாறாது. எனவே தளர்வது ஒரு பக்கம் மட்டும்.

எவ்வளவு? எஃப்இ பிரைம் ஏறக்குறைய ஹைட்ரஜன் அயனிச் செறிவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் போகிறது. 0.3 அலகு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி இரு மடங்கு. எஃப்இ பிரைம் நாலில் ஒன்று. அதாவது 7.8 குப்பியில் 50 நானோமோலார் போட்டது, 8.1 குப்பியில் 12.5 நானோமோலார் போட்டதற்குச் சமம். நீங்கள் அமிலச் சோதனை செய்ததாக நினைக்கிறீர்கள்; நடந்தது இரும்பைக் குறைத்த சோதனை. 0.4 இறக்கியிருந்தால் ஆறு மடங்குக்கு மேல் போயிருக்கும்.

எஃப்/2-இல் ஏன் தெரியவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அங்கே இரும்பு 11.7 மைக்ரோமோலார், ஈடிடிஏ-வும் 11.7 மைக்ரோமோலார். இரும்புக்கும் ஈடிடிஏ-வுக்கும் விகிதம் 1. உங்கள் அக்விலில் அது 0.0005. இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். நாலில் ஒன்றாகக் குறைந்தாலும் செல்லின் தேவைக்கு மேலேயேதான் நிற்கும். எஃப்/2 என்பது மீன் பண்ணைக்கும் இனச் சேமிப்புக்கும் உள்ள ஊடகம். இரும்புக் கேள்வியை அதில் கேட்கவே முடியாது.

இன்னொன்று. துத்தநாகம், கோபால்ட், மாங்கனீசு ஆகியவை இந்தப் பிஎச்-இல் இரும்பைப் போல நீராற்பகுப்பு அடைவதில்லை. ஆகவே ஈடிடிஏ ஊடகத்தில் அவற்றின் விடுபட்ட அளவு பிஎச்-ஓடு பெரிதாக மாறாது. சந்தேகப் பட்டியலில் அவற்றைக் கீழே தள்ளிவிடலாம்.

பிஎச்_காவலன்

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் பிஎச் உண்மையில் 8.1, 7.8-ஆகத்தான் இருந்ததா என்று தெரியாமல் அந்த நாலு மடங்கைச் சொல்ல முடியாது. இருபடி என்பதால் பிஎச்-இல் 0.1 தவறினால் இரும்பில் 60% தவறும்.

முதலில் மின்முனை. சாதாரண 4, 7, 10 தாங்கல் கரைசல்களில் அளவீடு செய்து கடல்நீரில் வைத்தால், கடல்நீருக்கான மொத்த பிஎச் அளவுகோலோடு ஒப்பிடும்போது 0.1-க்கு மேல் தள்ளிக் காட்டும். கடல்நீர் உப்பில் தயாரித்த டிரிஸ் தாங்கலில் அளவீடு செய்யுங்கள். நிறமாலைமானி இருந்தால் எம்-கிரெசால் பர்ப்பிள் சாயமே மேல்: 434, 578 நானோமீட்டரில் உறிஞ்சலைப் படித்து, 730-இல் பின்னணியைக் கழிக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் மாதிரியை வெளியே எடுத்துத்தான் அளக்க வேண்டும். மின்முனையை வளர்ப்புக் குப்பிக்குள் விடவே கூடாது. அதன் உள்கரைசலில் வெள்ளிக் குளோரைடு இருக்கிறது. கசிந்தால் வெள்ளி செல்லைக் கொல்லும். கூடவே இரும்பும் உள்ளே வரும்.

அடுத்தது அமிலம் மட்டும் விட்டது. அப்படிச் செய்தால் காரத்தன்மை (அமிலத்தை ஏற்கும் திறன்) இறங்குகிறது, கரைந்த மொத்தக் கனிமக் கார்பன் அப்படியே நிற்கிறது. கடலில் நடப்பது வேறு: காரத்தன்மை அப்படியே, மொத்தக் கார்பன் கூடுகிறது. ஊதும் கருவி இல்லாமல் அதைச் செய்ய எளிய வழி, அமிலத்தோடு அதே மோல் அளவு சோடியம் பைகார்பனேட்டும் சேர்ப்பது. காரத்தன்மை 2,300 மைக்ரோமோல் உள்ள நீரை 8.1-இலிருந்து 7.8-க்கு இறக்க, லிட்டருக்குச் சுமார் 170 மைக்ரோமோல் வீதம் இரண்டும் வேண்டும். 1 மோலார் அமிலம் 0.17 மில்லிலிட்டர், பைகார்பனேட் 14 மில்லிகிராம். அமிலம் மிகத் தூய தரமாக இருக்கட்டும். பைகார்பனேட்டைக் கரைசலாக்கி, உலோகத்தைப் பிடிக்கும் செலக்ஸ் பிசின் குழாய் வழியாக விட்டபிறகு சேருங்கள். பொட்டலத்திலிருந்து நேரடியாகப் போட்டால் இரும்பையும் சேர்த்துப் போட்டதாக ஆகும்.

கார்பன் டைஆக்சைடு கலந்த காற்றை ஊதுவதாக இருந்தால் 0.2 மைக்ரான் வடிகட்டி அவசியம். உருளையின் உலோக முகப்பிலிருந்து துகள் வரும். குமிழி நேரடியாக அடித்தால் சங்கிலியாக வளரும் டயாட்டங்கள் உடையும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: செல்களே பிஎச்-ஐ ஏற்றும். மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 170 மைக்ரோமோல் கார்பன் 0.3 அலகு என்றால், 30 மைக்ரோமோல் எடுத்தாலே 0.05 ஏறும். செல்லுக்குச் சுமார் 10 பிக்கோமோல் கார்பன் என்று வைத்தால் மில்லிலிட்டருக்கு 3,000 செல்களிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. நீங்கள் 50,000 வரை வளரவிட்டால் இரண்டு வரிசையும் 8.5-ஐத் தாண்டி எங்கோ போய் நிற்கும், அப்புறம் 8.1, 7.8 என்ற பெயர்ச்சீட்டு மட்டும்தான் மிஞ்சும். குப்பியில் காற்றிடம் விடாமல் நிரப்பி, செறிவு ஏறும் முன்பே நீர்த்துவிடுங்கள்.

உப்புக்காற்று

மிக்க நன்றி. செறிவு 3,000-ஐத் தாண்டித்தான் போயிருக்கிறது. அது புதுச் செய்தி. பிஎச்-ஐ நிலைநிறுத்த ஹெப்ஸ் அல்லது டிரிஸ் தாங்கல் சேர்க்கலாமா? இரும்பு விளைவையும் கார்பன் டைஆக்சைடு விளைவையும் பிரித்துக் காட்ட எத்தனை வரிசை வைக்க வேண்டும்?

நுண்தடம்

டிரிஸ் வேண்டாம், தாமிரத்தைப் பிடிக்கும். ஹெப்ஸ் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். அது இரும்பின் ஆக்சிஜனேற்ற நிலையைக் கலைக்கும். செல் செறிவைக் குறைவாக வைத்தால் தாங்கலே தேவையில்லை.

வரிசை மூன்று போதும். முதலாவது பிஎச் 8.1, மொத்த இரும்பு 50 நானோமோலார். இரண்டாவது 7.8, 50 நானோமோலார். மூன்றாவது 7.8, 200 நானோமோலார். மூன்றாவதில் மொத்த இரும்பு நாலு மடங்கு, ஆனால் எஃப்இ பிரைம் முதலாவதற்குச் சமம். மூன்றாவது முதலாவதைத் தொட்டுவிட்டால் இறக்கம் முழுக்க இரும்பின் வேதியியல். தாண்டிப் போனால் கார்பன் டைஆக்சைடால் ஏதோ லாபம் இருக்கிறது. தொடவே இல்லை என்றால் பிஎச் நேரடியாகப் பாதிக்கிறது, அல்லது அளவீடு பிழை. வசதி இருந்தால் 8.1-இல் 12.5 நானோமோலார் என்று நாலாவது வரிசையும் வையுங்கள். அது இரண்டாவதைப் போலவே நடந்தால் வாதம் இரு பக்கமும் அடைபடும்.

வெளிச்சமும் வெப்பநிலையும் எல்லா வரிசைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சடங்குக்காகச் சொல்வதல்ல. இரும்பு-ஈடிடிஏ வெளிச்சத்தில் உடைந்து இரும்பை விடுகிறது; விளக்குக்கு அருகில் உள்ள குப்பிக்கு இரும்பு கூடுதலாகக் கிடைக்கும். அலமாரியின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசமே ஒரு முடிவைப் போலத் தோன்றக்கூடும். குப்பிகளை தினமும் இடம் மாற்றுங்கள்.

இரும்பு மாசு பற்றி ஒரு கணக்கு. 1 மைக்ரோகிராம் இரும்பு என்பது 18 நானோமோல். கண்ணுக்குத் தெரியாத ஒரு துருத் துகள் லிட்டர் குப்பியில் விழுந்தால் உங்கள் 50-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே கண்ணாடிக் குப்பி வேண்டாம், பாலிகார்பனேட். சோப்புக் கரைசலில் ஊறவைத்து, பிறகு 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு வாரம், மிகத் தூய நீரில் பல முறை அலசல். உலர்த்துவதும் ஊற்றுவதும் வடிகட்டிய காற்று ஓடும் மேசையில். ஊடகத்தை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள்: நீராவியோடு உலோகம் வரும், கார்பன் டைஆக்சைடு வெளியேறிப் பிஎச் ஏறும், வீழ்படிவும் வரலாம். நுண்ணலை அடுப்பில் கொதிக்கவிடாமல் இடைவெளி விட்டுச் சூடாக்குவது வழக்கம். அல்லது அமிலத்தில் கழுவிய 0.2 மைக்ரான் வடிகட்டி. சென்னைக் கடற்கரையிலோ தூத்துக்குடியிலோ எடுத்த நீரை அடிப்படையாக வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கரையோர நீரில் ஏற்கெனவே இரும்பு தாராளமாகக் கிடக்கிறது.

செல்லுக்குள் சேமிப்பு இருக்கும். எஃப்/2-இலிருந்து நேராக மாற்றினால் முதல் சில பிரிவுகள் அந்தச் சேமிப்பில்தான் ஓடும். குறைந்தது 8 முதல் 10 தலைமுறை அதே ஊடகத்தில் பழகியபின் வரும் வேகத்தை மட்டும் எடுங்கள். வளர்ச்சியை ஒளிர்வை மட்டும் வைத்து அளக்காதீர்கள். இரும்புப் பஞ்சத்தில் ஒரே அளவு பச்சையத்துக்கு ஒளிர்வு கூடும், அதனால் செல் குறைந்தாலும் கோடு மேலே நிற்கும். செல் எண்ணிக்கை கட்டாயம்.

உள்ளெடுப்பு வேகத்தை நேரடியாக அளக்கிறீர்கள் என்றால் கதிரியக்க இரும்பு-59 அல்லது 55. வடிகட்டியில் பிடித்த செல்லை ஆக்சலேட் கரைசலில் கழுவாமல் எண்ணினால் செல்லின் மேல் ஒட்டியதும் உள்ளே போனதாகக் கணக்காகும்.

ஆழ்நீர்

மூன்று வரிசைச் சோதனை அருமை. ஆனால் கடைசிக் கேள்விக்கு, கடலிலும் இப்படித்தானா என்பதற்கு, யாரும் பதில் சொல்லவில்லை. ஈடிடிஏ குப்பியை வைத்துக்கொண்டு இரும்புக்குப் பஞ்சமான தென்பெருங்கடலைப் பற்றி முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடலில் ஈடிடிஏ இல்லை. கரைந்த இரும்பில் 99%-க்கு மேல் இயற்கையான கரிம ஈனிகளிடம் (இரும்பைப் பிடிக்கும் மூலக்கூறுகள்) இருக்கிறது. அவற்றில் பாக்டீரியா சுரக்கும் சிடரோஃபோர் உண்டு, ஹியூமிக் பொருள் உண்டு, செல் உடைந்து வந்த சர்க்கரைத் தொடர்கள் உண்டு. இவற்றில் பல, பிஎச் இறங்கும்போது தாங்களும் புரோட்டானை ஏற்கும். அதாவது இழுபறியில் இரண்டு கையும் தளரும். ஹைட்ராக்சமேட் வகைச் சிடரோஃபோரான டெஸ்ஃபெரியாக்சமின் பி-யில் விடுபட்ட இரும்பு ஈடிடிஏ அளவுக்குச் சரியாது. ஈனியைப் பொறுத்து விளைவு மாறும் என்பதுதான் சரியான வாக்கியம்.

ஆனாலும் திசை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் என்பதற்குச் சான்று உண்டு. 2010-இல் சயின்ஸ் இதழில் வந்த ஷி, மோரெல் குழுவின் ஆய்வு இந்த விஷயத்தின் மூலம். வெவ்வேறு இரும்புச் சேர்மங்களில் பிஎச் இறங்க இறங்க டயாட்டமும் கோக்கோலித்தோஃபோரும் (சுண்ணாம்புத் தகடுள்ள ஒருசெல் பாசி) இரும்பெடுக்கும் வேகம் குறைந்தது; வேதியியல் கணித்த அளவுக்கே குறைந்தது. அட்லாண்டிக் மேற்பரப்பு நீரிலும் குறைவு தெரிந்தது. செல்லின் இரும்புத் தேவை கார்பன் டைஆக்சைடு கூடியதால் குறையவில்லை என்பதையும் அவர்கள் காட்டினார்கள். அது முக்கியம், தேவை குறைந்திருந்தால் வரவு குறைந்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

இதற்குப் பிறகு உயிரியல் பக்கத்திலிருந்தே ஒரு காரணம் வந்தது. 2018-இல் நேச்சர் இதழில், ஃபியோடாக்டைலம் என்ற டயாட்டத்தின் மேற்பரப்பில் உள்ள ஃபைட்டோடிரான்ஸ்ஃபெரின் புரதம் இரும்பைப் பிடிக்கக் கார்பனேட் அயனியும் கூட வேண்டும் என்று காட்டினார்கள். பிஎச் 8.1-இலிருந்து 7.8-க்குப் போனால் கார்பனேட் லிட்டருக்குச் சுமார் 250 மைக்ரோமோலிலிருந்து 150-க்கு விழுகிறது. எஃப்இ பிரைமைச் சமன் செய்து வைத்தாலும் இந்தக் குறைவு தனியாக நிற்கும். ஆக நுண்தடம் சொன்ன மூன்றாவது வரிசை முதலாவதைத் தொடாமல் நின்றால் உடனே அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வைஸ்ஃப்ளாகி அந்தக் கார்பனேட் குறைவை உணர்கிறதா என்பதே அங்கே ஒரு கேள்வி.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்றும் இருக்கிறது. ஃபெரஸ் இரும்பு (இரண்டு மின்னூட்ட வடிவம், ஃபெரிக்கை விட எளிதில் கரைவது) ஆக்சிஜனேற்றம் அடையும் வேகமும் ஹைட்ராக்சைடின் இருபடியைப் பொறுத்தது. 0.3 இறங்கினால் ஃபெரஸ் இரும்பு நாலு மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். ஈடிடிஏ குப்பியில் பாதகமான அதே இருபடி இங்கே சாதகம். நார்வேயின் பெர்கன் அருகே மிதவைத் தொட்டிகளில் கார்பன் டைஆக்சைடைக் கூட்டியபோது கரைந்த இரும்பு கூடுதலாகத்தான் தெரிந்தது. ஆனால் அது ஃபியோர்டு நீர், இரும்புக்குப் பஞ்சமில்லாத இடம். நைட்ரேட் 20 மைக்ரோமோலாருக்கு மேல் கிடந்தும் கரைந்த இரும்பு 0.1, 0.2 நானோமோலாரில் நிற்கும் தென்பெருங்கடலுக்கு அதை நேராகப் பொருத்த முடியாது.

அமிலத்தின் இந்தக் குணத்தை இரும்பு உரமிடல் சோதனைகள் நன்றாகவே பயன்படுத்தின. இத்தகைய கடல்களில் பாசி வளர்ச்சியைத் தடுப்பது இரும்புப் பற்றாக்குறையே என்ற ஜான் மார்ட்டினின் கருதுகோளைச் சோதிக்க 1993 அக்டோபரில் கலாபகோஸ் தீவுகளுக்குத் தெற்கே 64 சதுர கிலோமீட்டரில் சுமார் 450 கிலோ இரும்பு தெளித்தார்கள். ஃபெரஸ் சல்ஃபேட்டை அமிலம் கலந்த கடல்நீரில் கரைத்துத்தான் கப்பலிலிருந்து விட்டார்கள். சாதாரணக் கடல்நீரில் கரைத்தால் தொட்டியிலேயே துருச் சேறாகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஃபெரஸ் இரும்பின் அரை ஆயுள் சில நிமிடங்கள்தான். குளிர்ந்த தென்கடலில் அது பல மடங்கு நீளும். இரும்பு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை: 2009-இல் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸ் உரமிடல் சோதனையில் சிலிக்கேட் இல்லாததால் டயாட்டம் எழவே இல்லை, எழுந்த சிறு பாசிகளைக் கோப்பிபாடுகள் (சிறு மிதவை விலங்குகள்) மேய்ந்துவிட்டன.

நம் பக்கத்துக் கடலில் இது எங்கே பொருந்தும் என்றால், அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றின் பிற்பகுதி. மேலெழும் நீரில் நைட்ரேட் மிஞ்சியும் பச்சையம் ஏறாத திட்டுகள் அங்கே உண்டு. இரும்புக் குறைவே காரணம் என்று காட்டியிருக்கிறார்கள். மேலெழும் நீர் தானாகவே பிஎச் குறைந்த நீர். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

உப்புக்காற்று

தெளிவாகிவிட்டது. மூன்று வரிசையும், 8.1-இல் 12.5 நானோமோலாரும் சேர்த்து நான்காக வைக்கிறேன். ஒரு சந்தேகம்: 200 நானோமோலாருக்கான கூடுதல் இரும்பை எந்த வடிவில் சேர்ப்பது? ஃபெரிக் குளோரைடை நேராக விடலாமா?

நுண்தடம்

கூடாது. பிஎச் 8 நீரில் ஃபெரிக் குளோரைடு விழுந்த நொடியில் ஹைட்ராக்சைடு கூழாகும். அது ஈடிடிஏ-விடம் வந்து சேர நாள்கணக்கில் ஆகும், ஒரு பகுதி குப்பிச் சுவரில் ஒட்டிக்கொண்டு வராமலே போகும். பிஎச் 2 முதல் 3 வரை உள்ள நீரில் இரும்பையும் சற்றே அதிகமான ஈடிடிஏ-வையும் முதலில் கலந்து, அந்த முன்கலவையிலிருந்து நான்கு வரிசைக்கும் எடுங்கள். முன்கலவை கொண்டுவரும் அமிலம் மிகச் சிறு கனஅளவு என்றாலும் சேர்த்தபிறகு பிஎச்-ஐ மறுபடி அளந்துகொள்ளுங்கள். செல்லைப் போடும் முன் ஊடகத்தை ஓர் இரவு சமநிலைக்கு விட வேண்டும். முன்கலவைப் புட்டியைக் கறுப்புத் தாளால் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் இரும்பு-ஈடிடிஏ சிதைந்து, புட்டியில் எழுதிய செறிவு பொய்யாகிவிடும்.